சுகந்தி எடுத்த பகிடிப் படம்

சுகந்தி இறந்த செய்தி வந்தபோது நான் பாடசாலை நூலகத்தில் புதிய புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் கணவர் தவம் அழைத்தார். "வதனி, சுகந்தி போயிட்டா. ஒருக்கா வெளிக்கிட்டு வாரும்" என்றார். கடையில் வேலை செய்துகொண்டிருந்தவள், மூளையில் இரத்தம் கசிந்து விழுந்து, மூன்று நாட்கள் நினைவில்லாமல் கிடந்தாள். வயது நாற்பத்தெட்டு. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆனால் கடைசி இரண்டு மாதங்களும் எங்களுக்குள் கதைபேச்சு இல்லை. அழுகை வருவதற்கு முன் எனக்கு வந்தது எரிச்சல்தான். சண்டையை அரைவாசியில் விட்டுவிட்டுப் போய்விட்டாளே!

அன்று பின்னேரமே முகநூலில் அஞ்சலிகள் வரத் தொடங்கின. 'துயரத்தின் குரல்' என்று ஒருவர் எழுதினார். 'எங்கள் கண்ணீரைப் படமாக்கியவர்' என்று இன்னொருவர். இவர்களில் ஒருவர்கூட அவள் எடுத்த படத்தைப் பார்த்ததில்லை. சுகந்தி தன் வாழ்நாளில் எடுத்தது ஒரே ஒரு படம். இருபத்திரண்டு நிமிடம். அது ஒரு பகிடிப் படம், ஆட்களைச் சிரிக்க வைக்க எடுத்தது. அதில் நடித்தவள் நான். அவளுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுதும்படி அவளது தமையன் கணேசன் அண்ணை கேட்டபோது, இந்த ஒரு விசயத்தையாவது திருத்திவிட வேண்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

பேருந்து நிலையத்துக்குக் கிட்ட அவள் வைத்திருந்த போட்டோக்கொப்பிக் கடை உங்களில் பலருக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பிரதி எடுக்க வருபவர்கள் பேசுவதையெல்லாம் அவள் காதில் வாங்கிக்கொள்வாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதை அப்படியே எனக்குப் பேசிக் காட்டுவாள். ஒரு நாள் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், முற்றத்தில் நின்ற தவத்தின் ஓட்டோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "படம் எடுக்கப் போறன். நீதான் நடிக்கிறாய்" என்றாள்.

"எனக்கு நடிக்கத் தெரியாதடி."

"தெரிஞ்சவை நான் சொல்லுறதைக் கேக்கமாட்டினம்."

கணவனின் கால் முறிந்துவிட, மனைவி ஓட்டோ ஓட்டப் புறப்படுவதுதான் கதை. தவம் மூன்று வாரம் எனக்கு ஓட்டப் பழக்கினார். முன்னுக்குப் போகப் பழகிவிட்டேன். பின்னுக்கு எடுக்க மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டு வேலியை இரண்டு தரம் சாய்த்தேன். இரண்டாம் தரம் வேலிக்காரர் வெளியே வந்து ஏசிக்கொண்டிருக்க, சுகந்தி நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாளே கதையை மாற்றிக்கொண்டு வந்தாள். புதிய கதையில் அந்த மனைவிக்கு றிவேர்ஸ் தெரியாது. பயணியின் வீட்டை ஒரு முழம் தாண்டிவிட்டால்கூட, நகரத்தையே சுற்றித்தான் திரும்பி வருவாள். "இப்பதான் இது படம்" என்றாள் சுகந்தி.

ஐந்து மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்தோம். கமரா அவளுடைய கைத்தொலைபேசி. வெயிலில் ஓட்டோவுக்குள் அவிந்துகொண்டு துறைமுகப் பக்கத்து வீதியில் ஒரே வளைவை நான் பதினொரு தரம் சுற்றினேன். மேகம் சூரியனை மறைத்துவிட்டதாம். பத்தாம் தரம், "என்னால ஏலாது, வேற ஆளைப் பார்" என்று இறங்கிவிட்டேன். அவள் தேத்தண்ணீர் வாங்கித் தந்துவிட்டு மறுபடியும் ஏற்றினாள். நன்றாக நடித்தாய் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. நான் கொஞ்சம் முகத்தைக் கோணிச் சிரிப்புக் காட்டப் பார்த்தால் உடனே நிறுத்துவாள்.

"நீ பகிடி விடாதை. நீ அந்தரப்படு. பகிடியைப் பாக்கிறவை பாப்பினம்."

அந்தரப்பட, பதறித் தவிக்க, எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள், இளைப்பாறிய தபால் அதிபர் ஒருவர் வாழைக்குலையோடு ஓட்டோவில் ஏறும் காட்சி. எங்கள் திருகோணமலைக் கடற்கரைப் பக்கம் திரிகிற மான்களில் இரண்டு வந்து குலையில் வாய் வைத்துவிட்டன. அவர் குலையின் ஒரு பக்கத்தை இழுக்க, மான் மறுபக்கத்தை இழுத்தது. அன்றைக்கும் வேலை கெட்டதே என்ற ஆத்திரத்தில் நான் அவரையும் மானையும் சேர்த்து ஏசினேன். திரும்பிப் பார்த்தால் இவள் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "வடிவாக் கத்துறாய், இன்னும் கத்து!"

படம் முடிந்ததும் கொழும்பில் நடக்கும் ஒரு குறும்பட விழாவுக்கு அனுப்பினாள். தெரிவு செய்பவர் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

"படம் நல்லா இருக்கு. ஆனா திருகோணமலையிலயிருந்து வந்த படத்தில ஒரு வலியையும் காணேல்லையே" என்றார் அவர். பிறகு, "அந்தப் பெண்ணால பின்னுக்குப் போக முடியாம இருக்கிறது எங்கட சமூகத்துக்கு ஒரு குறியீடோ?" என்று கேட்டார்.

"இல்லை சேர். அவளுக்கு றிவேர்ஸ் போடத் தெரியாது."

படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வேறு இரண்டு இடங்களுக்கு அனுப்பினோம். அங்கேயும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள்! வீட்டு வேலை, சனங்களின் கதை எல்லாவற்றையும் சமாளித்து நடித்தவள் நான். ஆகவே நானே ஒரு யோசனை சொன்னேன். ஓட்டோ ஓட்டப் போகுமுன் அந்தப் பெண் தன் செத்துப்போன சகோதரனின் படத்துக்கு மாலை போடுவதாக ஒரு காட்சி வைப்போம். அவ்வளவு போதும், எடுத்துக்கொள்வார்கள். சுகந்தி ஒரு கிழமை யோசித்தாள். பிறகு அரைமனதாகச் சம்மதித்தாள்.

காட்சியை எங்கள் வீட்டில் எடுத்தோம். யாருடைய படத்தை மாட்டுவது என்று அவள் கேட்கவில்லை. நான் என் தம்பியின் படத்தை எடுத்து மாட்டினேன். அவன் யுத்தகாலத்தில் காணாமல் போனவன். அவன் திரும்பி வருவான் என்று நம்பிய அம்மா, உயிரோடு இருந்தவரை அந்தப் படத்துக்கு ஒரு பூ வைக்க விடவில்லை. அவருக்குப் பிறகு எனக்கும் துணிவு வரவில்லை. நடிப்புத்தானே என்று மாலையை எடுத்தேன். போட்டேன். பிறகு நான் அழுத அழுகை எனக்கே புதிது. நாலு நிமிடம் அவள் எடுத்தாள். பிறகு குசினி வாசலில் நின்று அதை ஒரு தரம் பார்த்தாள். விரலால் எதையோ தட்டினாள்.

"என்னடி செய்தனீ?"

"அழிச்சிட்டன்."

"ஏன், நல்லா வரேல்லையோ?"

"நல்லா வந்தது. ஆனா அது உன்ர அழுகை, வதனி. அதைக் குடுத்துத்தான் என்ர படம் உள்ளுக்குப் போகவேணுமெண்டா, அது வெளியிலயே நிக்கட்டும்."

"படத்தில போடாட்டிப் போ. எனக்கெண்டு வைச்சிருக்கலாம்தானே? அவன் என்ர தம்பி. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீயோ?"

அவள் தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். என் கோபம் ஆறட்டும் என்று அவள் இருந்திருக்கிறாள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. என் வீட்டுக்கும் அவள் கடைக்கும் இடையில் பத்து நிமிடத் தூரம்கூட இல்லை.

எட்டாம் நாள், சுகந்தியும் வாழ்ந்த கணேசன் அண்ணை வீட்டில் சடங்கு முடிந்தபின் ஒரு பெரியவர் எழும்பி, சுகந்தி எப்படித் துயரத்தைச் சுமந்தாள் என்று பேசத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் முடித்ததும், படத்தைப் போடுவோம் என்றேன்.

"செத்த வீட்டில பகிடிப் படமோ பிள்ளை? சனம் என்ன சொல்லும்?" என்றார் கணேசன் அண்ணை.

"அண்ணை, அவள் எடுத்தது அதுதான். அழுகிற படம் ஒண்டும் அவளட்ட இல்லை."

 கணேசன் அண்ணையின் மனைவி எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார், நான் படத்தை ஓடவிட்டேன். முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் அசையவில்லை. மான் வாழைக்குலையை இழுத்தபோது பின்வரிசையில் யாரோ சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கும் சத்தம் கேட்டது. நான் மானை ஏசத் தொடங்கியதும் வீடு முழுக்கச் சிரித்தது. பேசிய பெரியவரும் சிரித்தார். கணேசன் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் அவரது மனைவி என் கையைப் பிடித்து, "இருபது வருசம் ஒரே குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டனாங்கள். இவள் இப்பிடிப் பகிடிக்காரி எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அழுதார். அவரை ஆறுதல்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு தரம் காட்டச் சொல்லி யாராவது கேட்டிருந்தால் ஓடிவந்து காட்டியிருப்பாளே!

வீடு திரும்பும் வழியில் தவம் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார். "உமக்கு ஒண்டு சொல்லாம விட்டிட்டன். போன மாதம் சுகந்தி ஓட்டோ ஸ்ராண்டுக்கு வந்தவ. அடுத்த படத்துக்கும் நீர்தானாம். அதில நீர் கள்ளியாம். சொல்லச் சொன்னவ."

"ஒரு மாசமா இதை வாய்க்குள்ள வைச்சிருந்தனீங்களோ?"

"அவவின்ர பேரை எடுத்தாலே எழும்பிப் போறனீர். எப்ப சொல்லுறது?"

அது உண்மைதான். அதனால் அவரையும் மேற்கொண்டு ஏச முடியவில்லை.

சுகந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை இரண்டு. அழிந்துபோன அந்த நாலு நிமிடத்துக்கான கோபம் ஒன்று. அவள் செய்தது சரி என்று இப்போது விளங்குகிறது. விளங்கியும் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். மற்றது, நடிக்காமலே போன ஒரு வேடம். அந்தக் கள்ளி எதைக் களவெடுப்பாள், யாரிடம் பிடிபடுவாள், தப்பி ஓடுவாளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.