இல்லாத புளியமரத்தைப் பார்த்து

புயலடித்த ராத்திரி எங்கள் ஏரிக்கரையிலிருந்த பெரிய புளியமரம் சாய்ந்தது. ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை எடுக்காமல் பொன்னேரி பஸ்ஸும் வராது, கரண்டும் வராது. ஊரே வெட்டியது. நானும் வெட்டினேன். அதாவது, கிளைமேல் உட்கார்ந்து மற்றவர்கள் வெட்டும் லட்சணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பொறுக்கமுடியாமல் யாரோ என் கையில் கோடாலியைத் திணித்தார்கள். அதற்கப்புறம் தோள் இரண்டும் என்னுடையவையாக இல்லை. என் பங்குக் கட்டைகளை நானே சுமந்துவந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கினேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மரம் விழுந்தது எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஏரி அடங்கியதும் மச்சானும் நானும் படகை எடுத்தோம். வீட்டில் அரிசிப் பானை காலி. புயலுக்கப்புறம் முதல் பிடி, நல்ல இறால். மதியம் மீன் எடுக்க வரும் ஐஸ் வண்டி கிளம்புவதற்குள் கரை சேர்ந்தால் அது காசு, இல்லாவிட்டால் நாற்றம். வலை இழுத்த களைப்பில் பேச்சுக்கூட எழவில்லை. எனக்கே பேச்சு எழவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரைக்குப் படகு வர ஒரே தடம்தான். இரண்டு பக்கமும் சேறு. புளியமரமும் அதற்குப் பின்னால் சர்ச் சிலுவையும் ஒரே நேரில் வந்தால் தடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து கை தானாகத் திருப்பும். அன்றும் திருப்பியது. தூரத்தில் கரும்பச்சையாக ஒரு மரம். சிலுவையும் நேராக அதன்மேல் வந்து உட்கார்ந்தது. படகு சேற்றில் ஏறி நின்றுவிட்டது.

"இன்னா மாமா, எத்தப் பாத்து வுட்ட?" என்றான் மச்சான்.

"புளியமரத்ததான்டா."

அவன் கொஞ்ச நேரம் கரையையே பார்த்தான். "அது பக்கத்துக் குப்பத்து வேப்பமரம்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நானும் அதத்தான் புளியமரம்னு பாத்துக்கினு வந்தேன்."

இறங்கி, இடுப்புவரை சேற்றில் நின்று தள்ளினோம். கரையில் ஐஸ் வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது. பிறகு போய்விட்டது.

மனைவி கரையில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "எங்கயா போன இம்மா நேரம்?"

"மரத்தத் தேடிக்கினு."

"என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. அடுப்புல எரியுது."

அதற்குமேல் அவளும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்து வீட்டில் அரிசி வாங்கி உலையில் போட்டுவிட்டு வந்து, பழைய வலையை விரித்து இறாலைக் காயப்போட்டாள். கருவாடாகவாவது கொஞ்சம் தேறும். காக்கா ஓட்டும் உத்தியோகம் எனக்கு. புளியங்கட்டை ஒன்றை இழுத்துப்போட்டு, கையில் கல்லோடு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் காக்கைகள் இறாலை விட்டுவிட்டு அடையக் கிளம்பின. மரம் இருந்த இடத்துக்கு மேலே போய்க் காலை நீட்டின. ஒன்றும் அகப்படாமல் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் அங்கேயே வந்து காலை நீட்டின.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மரத்த வெட்டுறப்ப இதுங்களும் இங்கதான மாமா இருந்துச்சுங்கோ?" என்றான்.

கல்லைக் கீழே போட்டேன்.