மெட்டியைக் கழட்டிட்டுப் போன இன்டர்வியூ

மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவியும் அவர் கையில இரும்பு மில்லு கிரீஸ் வாசனை போகல. அந்தக் கையில தேங்காய் எண்ணெயைத் தேய்ச்சுக்கிட்டு, தரையில உக்காந்து, என் காலைத் தூக்கித் தொடை மேல வச்சுக்கிட்டார் எங்க வீட்டுக்காரர்...

அப்போ கல்யாணம் ஆகி ஆறு மாசம். அன்னிக்கு எனக்கு கும்மிடிப்பூண்டியில ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில இன்டர்வியூ.

டிப்ளமோ முடிச்சு ஏற்கனவே வேலையில இருந்தவதான் நான். கல்யாணம்னு சொல்லி அதை விட்டுட்டு பெரியபாளையம் பக்கம் மாமியார் வீட்டுக்கு வந்தேன். வந்த நாள்லேர்ந்து ஒரே பயம். இன்னொரு வேலை கிடைக்கலன்னா, படிச்சதெல்லாம் மறந்து அடுப்பங்கரையோட நின்னுடுவோமோன்னு.

அதனால அன்னிக்கு அஞ்சு மணிக்கே ரெடி. கல்யாணத்துக்கு எடுத்த கனகாம்பரக் கலர் புடவை, கை நிறைய வளையல், ஜிமிக்கி, தலை கொள்ளாத மல்லிப்பூ. இன்டர்வியூன்னா பளிச்சுனு போகணும்னுதானே எல்லாரும் சொல்றாங்க! அத்தை கூட "அம்சமா கீறம்மா"ன்னு திருஷ்டி சுத்திப் போட்டாங்க.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஆறரைக்கு வர்ற மனுஷன், ஏழேகால் ஆகியும் காணோம். நான் கடுகடுன்னு நிக்கிறேன். வந்தவர் என்னைப் பார்த்துட்டு வாசல்லயே தலையில கை வச்சுக்கிட்டார்.

"இன்னா செல்வி... இன்டர்வியூக்குப் போறியா, வளகாப்புக்குப் போறியா?"

விஷயம் என்னன்னா, மில்லுல இருந்து நேரா அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போய் செக்யூரிட்டிகிட்ட விசாரிச்சுட்டு வந்திருக்கார். உள்ள மிஷின் லைன்ல உக்கார வச்சு கை வேகம் பார்ப்பாங்களாம். உடம்புல பொட்டு உலோகம் இருந்தாலும் கேட்ல மிஷின் கத்துமாம். தாலி மட்டும் துணிக்குள்ள இருக்கலாமாம், அதுக்குக் கத்தினா விட்டுடுவாங்களாம்.

அவ்ளோதான்... எல்லாம் இறங்குச்சு. புடவை போய் காலேஜ் காலத்து சுடிதார் வந்துச்சு. டைட்தான், மூச்சை அடக்கிக்கிட்டேன். துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தக் கூடாதே! அவரே ஊசி நூல் எடுத்து, நான் நிக்க நிக்கத் தோள்ல வச்சுத் தச்சார். ஒரு தடவை நல்லா குத்தியும் வச்சார். நான் கத்தினா, "ஆடாம நில்லு, நான் இன்னா டெய்லரா"ன்னு என்னையே அதட்டினார்.

கடைசியா மெட்டி.

அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டு இருந்த அத்தை பொங்கிட்டாங்க. "புருசன் குத்துக்கல்லாட்டம் கீறான், மெட்டியக் கழட்றாளாம்! இப்டி மூளியா போய் பாக்கற மாதிரி அப்டி இன்னாடா வேல அது?"

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. போகவே வேணாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு.

அவர் சத்தமே போடல. "யம்மா, அம்மி மேல கால வச்சுப் போட்டது நான். நானே கழட்றேன். சாய்ங்காலம் வந்ததும் நானே போட்டு உட்றேன். இதுல இன்னா தப்பு?"

அத்தை விறுவிறுன்னு உள்ள போய், சாமி படத்துக்கிட்ட இருந்த குங்குமத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாங்க.

"கண்ட எடத்துல வெக்காத. இதுல வையி."

சுலபத்துல வரல அது. விரல் சிவந்து வீங்கிப் போச்சு. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் "வலிக்குதா... வலிக்குதா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். ராத்திரி பூரா நெருப்பு முன்னாடி நின்னுட்டு வந்த மனுஷன். கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி இருந்துச்சு.

தூங்காம அவரே வண்டியில கூட்டிட்டும் போனார். புதுவாயல் தாண்டி கும்மிடிப்பூண்டி வரைக்கும், அவர் கண்ணசந்துடக் கூடாதுன்னு நான் எதையாவது பேசிக்கிட்டே போனேன்.

கேட்ல ஒரே அமர்க்களம். ஆளாளுக்கு வளையலையும் கம்மலையும் உருவிக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு பொண்ணுக்கு மெட்டி வரவே இல்ல, பாவம், அழுதுகிட்டே திரும்பிப் போச்சு. எனக்குத் தாலிக்கு மட்டும்தான் மிஷின் கத்துச்சு, உள்ள விட்டுட்டாங்க.

கை வேகமெல்லாம் பார்த்து முடிச்சதும், உள்ள இருந்த சார் என் கால் விரலைப் பார்த்தார். மெட்டி இருந்த இடம் மட்டும் வெளுப்பா தெரிஞ்சுது.

"தினமும் கழட்டணும்மா. வீட்ல ஒத்துப்பாங்களா? இதுக்காகவே நிறைய பேர் ஒரே வாரத்துல நின்னுடறாங்க."

"கழட்டி விட்டதே எங்க வீட்டுக்காரர்தான் சார்"னேன்.

சிரிச்சுட்டார். வேலை கிடைச்சுது!

ஓடி வந்து பார்த்தா, ரோட்டோரமா வண்டி மேலயே சாஞ்சு தூங்கிட்டு இருந்தார். எழுப்ப மனசு வரல... சும்மா பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தேன்.

சாயங்காலம் சொன்ன மாதிரியே போட்டு விட்டார். அப்புறம் அவருக்குப் பகல் ஷிஃப்ட் இருந்த வாரமெல்லாம் காலையில கழட்டறதும் சாயங்காலம் போடறதும் அவர் வேலைதான். போகப் போக நானே கழட்டக் கத்துக்கிட்டேன். இப்போ விசேஷத்துக்கு மட்டும்தான் போடறது.

இப்பல்லாம் இன்டர்வியூவுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு என்ன போடணும், என்ன போடக் கூடாதுன்னு படத்தோட போன்லயே மெசேஜ் போயிடுது. கேட்ல யாரும் அழறதில்ல. லைன் லீடர்னு நானும் அந்த சார் பக்கத்துல உக்காருறேன். எந்தப் பொண்ணு கால்லயாவது அந்த வெளுப்புத் தெரிஞ்சா, "யாரும்மா கழட்டி விட்டது?"ன்னு கேக்கத் தோணும்... கேக்கறதில்ல.

அவருக்கு இப்போ எல்லா வாரமும் நைட் ஷிஃப்ட்தான். நான் காலையில கம்பெனி பஸ் ஏறினப்புறம்தான் அவர் மில்லுல இருந்து வர்றார். ஓவர்டைம் முடிச்சு நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அவர் கிளம்பிடறார். சண்டை எதுவும் கிடையாது. ஒரே வீட்ல இருக்கிற மனுஷனை நினைச்சு ஏங்கிட்டு இருக்கேன், அவ்ளோதான்.

இதை பஸ்ல உக்காந்து டைப் பண்றேன். மில்லுல டீ பிரேக்ல அவர் போனைப் பார்ப்பார்.

ஏங்க... படிச்சுட்டு சும்மா லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை லீவு சொல்லுங்க. நானும் சொல்லிடறேன். மெட்டி பீரோவுலதான் இருக்கு, வந்து போட்டு விடுங்க.