காயல் பக்கம் திரும்பிய சக்கரம்

சேற்றில் மாட்டிய சக்கரம் வீணாகச் சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் அசையாமல் வேடிக்கை பார்க்கும். மழைக்காலம் வந்தால் எங்கள் லாரியின் கதை இதுதான். மட்டாஞ்சேரியில் எங்கள் கிடங்கிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் எஸ்டேட்டுகளுக்குப் போய், ஏலக்காயோடு திரும்பும் லாரி அது. திரும்பினால் உண்டு.

இதற்கு வழிகள் என்று வீட்டில் மூன்று பேசப்பட்டன. டயரில் சங்கிலி சுற்றலாம். ஆனால் கொட்டும் மழையில் இறங்கிக் கட்ட வேண்டும். இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிவிடலாம். வளைவுக்கு வளைவு டயர் தேயும். மூன்றாவது, அம்மாவின் தம்பி கோயமுத்தூரில் விசாரித்து வந்த, பின் அச்சில் மாட்டும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். வளைவில் சக்கரங்களை அவற்றின் போக்கில் விடும். ஒன்று வழுக்கினால் மற்றதற்கும் இழுவை கொடுக்கும். தட்டில் இட்லி ஆறிப்போகும்வரை மாமா இதை விளக்குவார். எதையும் இரண்டு தடவை கேட்டு, நான்கு தடவை சொல்லும் சுபாவம் அவருக்கு. எட்டு வயதில் எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. மூன்றாவதுதான் சிறந்தது என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

"மிலிட்டரி வண்டியிலேர்ந்து கழட்டினதாக்கும், அத்தான்!" என்று கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்த இரும்புக் கூட்டைத் தட்டிக் காட்டினார் மாமா.

அப்பா அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "வண்டியில மாட்டிப் பாப்போம். சரியா இருந்தா மலை லைன் உனக்கு. இல்லேன்னா பழையபடி தராசுகிட்ட நில்லு." மாமாவிடம் லைசென்ஸ் இருந்தும் கிடங்கில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அதை லாரியில் மாட்டிச் சோதித்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, மாமாவுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தவரும் பாலக்காட்டிலிருந்து வந்து சேர்ந்தார். பெண்ணின் அப்பா. சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "பையன் வண்டியா, தராசா?" என்று சிரித்தபடியே கேட்டார். சிரிப்பு கேள்வியோடு நின்றுவிட்டது.

சோதனை எளிமையானது. பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். மற்றதும் அதே பக்கம் திரும்பினால் மாமா சொன்ன சாமான். எதிர்ப்பக்கம் திரும்பினால் எல்லா லாரியிலும் இருக்கும் சாதாரணச் சாமான். இரண்டு சக்கரங்களின் உச்சியிலும் மாமா சாக்பீஸால் கோடு போட்டார். வலப்பக்கச் சக்கரத்தைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டியது என் வேலை. லாரியின் முகம் கேட்டைப் பார்த்திருந்தது; முதுகுப்பக்கம் காயல்.

"கேட்டுப் பக்கம் திருப்பறேன்!" என்று இடப்பக்கத்திலிருந்து மாமாவின் குரல்.

என் கோடு தயங்கியது. பிறகு மெதுவாக நகர்ந்தது.

"காயல் பக்கம்!" என்று நான் கத்தினேன்.

மாமா எழுந்து நின்றார். லாரியின் பின்னாலிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. பாலக்காட்டுக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

அப்பா என் பக்கம் வந்தார். சக்கரத்தில் கை வைத்துக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "நீ அந்தாண்டை நின்னு பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும், மண்டு. எதிரும் புதிருமா நின்னா உன் வலது அவனுக்கு இடது. சாமான் நல்ல சாமான்டா!"

"கேட்டு ரெண்டு பேருக்கும் ஒரே கேட்டுதானேப்பா?"

"வாயாடி. போய் அம்மாகிட்ட இன்னொரு சாயா வாங்கிண்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். பாலக்காட்டுக்காரர் என் கன்னத்தைத் தட்டி, "இவளை வண்டி ஓட்ட விடப்படாது கேட்டோ" என்றார். சாயாவோடு திரும்பி வந்தபோது அவர் மாமாவிடம் மலைப்பாதை பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். மாமா ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாக்கிகளை அதற்குள் இறக்கிவிட்டிருந்தார்கள்; மறுபடி சோதிக்க எனக்கு வழியில்லை.

நான் சொன்னது சரி, அது சாதாரணச் சாமான்தான் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை. பின்னாளில் டிப்ளமோ பட்டறையில் ஒரு டிஃபரன்ஷியலை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தபோதும் இல்லை. இத்தனை வருஷம் லாரி ஓட்டிய அப்பாவுக்கு இது தெரியாமல் போயிற்றே என்றுதான் அன்று வருத்தப்பட்டேன்.

மலை லைன் மாமாவுக்குக் கிடைத்தது. ஆவணியில் கல்யாணமும் நடந்தது. முதல் பயணத்துக்கு முந்தின நாள் அப்பா கனமான சங்கிலிகள் இரண்டு வாங்கி வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்தார். நல்ல சாமான் மாட்டிய வண்டிக்குச் சங்கிலி எதற்கு? வீண் செலவு என்று எனக்குப் பட்டது, கேட்டும் விட்டேன்.

"ஓட்டறவனே கேக்கல, உனக்கென்ன?" என்றார் அப்பா.

மாமா அந்தச் சாக்கை அவிழ்த்து, சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, திரும்பக் கட்டி வைத்தார். எதையும் இரண்டு தடவை கேட்கிறவர் அதைப் பற்றி மட்டும் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை.