மாமா கடித்த ரப்பர்

இரும்பு தூக்கும்போது எங்கள் மாமா வாயில் எதைக் கடித்துக்கொள்கிறார் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எனக்கு ஆராய்ச்சி. மாமா என்றால் அம்மாவின் தம்பி. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் சோதனை. ஏழு வயதில் எனக்கு வேலியெல்லாம் பழகிப்போயிருந்தது. மாமாவின் வாய்தான் பழகவில்லை.

பால் வெட்டு முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். கழித்துப்போட்ட இரும்புக் குழாய் ஒன்று, அதன் இரண்டு முனையிலும் கோணிப்பை, பைக்குள் மணல் நிரப்பிய கெட்டிப்பால் டின்கள். காப்பிக்கடையில் காலி டின் கேட்டு வாங்கி வருவார். காகிதத்தைச் சுருட்டி ஓட்டை வழியாக மணல் கொட்டுவது என் வேலை. பிறகு மணல் சிந்தாமல் ஓட்டையை ரப்பர்பால் வைத்து அவரே அடைப்பார். குழாயில் கை வைப்பதற்கு முன்னால் மடியிலிருந்து பழுப்பாக ஒன்றை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொள்வார்.

"அது என்னா மாமா?"

"பல்லுக்குச் சட்டை லா."

கனம் தூக்கும்போது தன்னை அறியாமல் பல்லைக் கடிப்போமாம். அப்படிக் கடித்துத்தான் கடைவாய்ப்பல் ஒரு சில்லு உடைந்து, ஈறெல்லாம் ரத்தம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் திட்டித் தீர்த்துவிட்டு, இடையில் மெத்தென்று எதையாவது வை என்றாராம். ரப்பர் தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? ரப்பர்பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, கழுவி, இளசாக இருக்கும்போதே கடித்து அச்சு எடுத்து, புகையில் காயவைத்துவிட்டார். தினமும் உப்புத் தண்ணீரில் அதையும் கழுவி வாயையும் கொப்பளிப்பார். பல்வரிசையைப் பார்த்துத்தான் தனக்குப் பெண் கொடுப்பார்கள் என்று அவருக்கு நினைப்பு. துரைகூடப் பல்லை இப்படிப் பார்க்கமாட்டார் என்று அம்மா கேலி செய்வாள்.

ஒரு நாள் மத்தியானம், அவர் கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மாடத்திலிருந்த ரப்பரை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன். புகையும் உப்பும் கலந்த ருசி, பிடிக்கவும் இல்லை, துப்பவும் மனமில்லை. அந்த நேரத்தில்தான் வீடு வீடாகச் சோதனை போடப் போலீஸ் ஆட்கள் வந்தார்கள். அம்மா பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தாள். ரப்பரைக் கவுன் பைக்குள் ஒளித்தேன்.

அப்போது கடைக்காரர் ஓட்டை போடாமல் பால் டின் கொடுக்கக்கூடாது என்று சட்டம். ஓட்டை போட்ட டின் இரண்டு நாளில் கெட்டுவிடும், காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குப் போய்ச் சேராது. இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? வந்தவர்களில் தமிழ் பேசிய ஆள் மூலையிலிருந்த டின்னை எடுத்துப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க மாமாது. ஓட்டைய ரப்பர்பால் வச்சு அடைச்சிருவாரு, தண்ணிகூட ஒழுகாது. பின்னால நெறைய இருக்கு, வாங்க காட்டுறேன்."

காட்டினேன். ஒரு டின்னை வெட்டிப் பார்த்தார்கள், மணல் கொட்டியது. நான் சிரித்தேன், அவர்கள் சிரிக்கவில்லை. இன்றைக்கு மணல், நேற்றைக்கு என்ன என்று அந்த ஆள் கேட்டார். அதற்குள் மாமா ஈர வேட்டியோடு வந்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். லோரியில் ஏறச் சொன்னார்கள். சட்டை எடுத்துக்கொள்ளட்டுமா, செருப்பு போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"என் ரப்பர் எங்க ஆயி?" என்றார்.

நான் திருடியது தெரிந்துவிட்டது. பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டார். போகிற இடத்திலும் இரும்பு தூக்கப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வந்தார். நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது. வாசலிலேயே அம்மாவைப் பார்த்து, "பல்லு ஒண்ணும் போகலக்கா," என்று சிரித்துக் காட்டினார். நிஜமாகவே அத்தனையும் வரிசையாக இருந்தது. அதற்குப் போய் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் மாமா குளிக்கும்போதுகூடப் பனியனைக் கழற்றவில்லை. டின்களைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அம்மா கேட்டபோது, அவங்களாத்தான் பார்த்தாங்க என்று சொல்லிவிட்டார்.

ரப்பரை மறுபடி மாடத்தில் வைத்திருந்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் அச்சு மேலாக இருக்கும். இப்போது கடைவாய்ப் பக்கம் இரண்டு இடத்தில் பல் இறங்கி மறுபக்கம் ஓட்டையே விழுந்திருந்தது. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.

"அங்க ரொம்பக் கனமா மாமா?"

"ஆமா லா. நம்மளோடத விடக் கூடத்தான்."

அன்று சாயங்காலமே லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன், எங்கள் மாமா அங்கே போய் இங்கே தூக்குவதைவிடப் பெரிய கனம் தூக்கிவிட்டு வந்தார் என்று. கேட்டவர்கள் ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.