உப்பில்லாத ரசமும் ஒரு பரீட்சையும்

பெருந்தொற்று வந்த இரண்டாவது வருடம். நடமாட்டக் கட்டுப்பாட்டை மறுபடியும் இறுக்கியிருந்தார்கள். கோலாலம்பூரில் பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்துவிட்டு, ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து இணையம் வழியாகப் படித்துக்கொண்டிருந்தேன். வேதியியல், கடைசி வருடம். சித்தியின் பிரசவத்துக்குத் துணையாக சுங்கை பாக்காப் போன அம்மா, மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை வந்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அனுமதிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போவார், காலையில் வந்து தூங்குவார்.

அப்பா வேலை செய்யும் இடத்தில் சிலருக்குத் தொற்று என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என் மண்டை ஒரு நிலையில் இல்லை. வாசனை தெரியாமல் போவதுதான் முதல் அறிகுறி என்று யாரோ சொல்லி வைத்தார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். காலையில் பல் தேய்க்கிறேனோ இல்லையோ, இறால் விழுதான பெலாச்சான் இருக்கும் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிடுவேன். அப்புறம் கோப்பித்தூள், எலுமிச்சம்பழம், சாமி மேடையில் இருக்கும் சூடம். பாடம் படிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் முதல் வரி மறந்துபோகும். உடனே எழுந்து போய் மறுபடி டப்பாவை முகர்வேன்.

பக்கத்து வீட்டு அக்காவையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய கணவர் நடத்திய சாப்பாட்டுக் கடையை மூடியிருந்ததால், வீட்டிலேயே சமைத்துப் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். என் மேசைக்கு அருகில் உள்ள ஜன்னலும் அவருடைய சமையலறை ஜன்னலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இன்றைக்குக் கணவாய் சம்பலா, மீன் தலைக் கறியா என்று முகர்ந்து பார்த்து ஜன்னல் வழியாகக் கேட்பேன். "கணவாய்தான்டி. ஒன் மூக்குக்கு ஒண்ணும் இல்ல லா, போய்ப் படி" என்பார். அந்தப் பதிலில் அரை நாள் ஓடும்.

சோதித்துச் சோதித்துக் கடைசியில் இல்லாத வாடையெல்லாம் வர ஆரம்பித்தது. ஒருநாள் ஏதோ கருகுகிறது என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். வேலையில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டு அழுதேன். ஒன்றுமே கருகவில்லை. காலையில் அப்பா வந்து, மூளை சூடாகிவிட்டது, கொஞ்சம் தூங்கு என்று சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி என் மூக்கு என்ன சொன்னாலும் கேட்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

பரீட்சை நெருங்கியது. முந்தின இரண்டு நாளும் அப்பா ரசத்தில் உப்பே இல்லை என்றார். அவராகவே உப்பு அள்ளிப் போட்டார், பக்கத்தில் காரச் சம்பலை வழித்து வைத்துக்கொண்டார். நான் ருசி பார்த்தபோது உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கை நம்பாதவள் நாக்கை எப்படி நம்புவேன்? எல்லாவற்றையும் மறக்கிறேன், உப்பையும் மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ரசம்கூட வைக்கத் தெரியாதவள் எப்படிப் பாஸாகப் போகிறேன் என்று உள்ளே போய் அழுதேன். அப்பா முகத்தை ஒரு தடவையாவது சரியாகப் பார்த்தேனா என்றால், இல்லை.

பரீட்சை காலையில் தொடங்கியது. மடிக்கணினி முகத்துக்கு நேராக, கைப்பேசி பக்கவாட்டில், இரண்டு கேமராவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடத்தை விட்டு எழுந்தால் தாள் செல்லாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்து வந்த அப்பா ஓசைப்படாமல் சமையலறைக்குப் போனார், எதையோ சூடாக்கினார், பிறகு தன் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். வழக்கமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் படுப்பார். பரீட்சை என்பதால் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பாதிப் பரீட்சையில் அந்த வாடை வந்தது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. கேஸ் என்றுதான் முதலில் தோன்றியது. உடனே, போன வாரம் கருகினது நினைவில்லையா என்று மனசு என்னை அதட்டியது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினேன். வாடை போகவில்லை. சமையல் கேஸுக்கு இயல்பிலேயே வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். இதை நான் பாடமாகப் படித்தவள். அந்த நிமிடத்தில் அந்தப் பாடம் வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ப் பார் என்கிற ஒன்றுதான் வரவில்லை.

தலை வலித்தது. எழுதியதையே மறுபடி எழுதியிருப்பதைக் கண்டு அடித்தேன். எழுந்து போய் ஒன்றுமில்லை என்றால் ஒரு வருடப் படிப்பு போய்விடும். எழாமல் இருந்து நிஜமாக இருந்தால்? அதை முழுதாக நினைக்கவே பயமாக இருந்தது. கடைசியில் ஒரு சமாதானம் கிடைத்தது. அப்பா இப்போதுதானே அந்த அடுப்படியில் நின்றுவிட்டுப் போனார். கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாதா? அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து ஜன்னலில் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. கேமரா பார்க்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, ஏதாச்சும் வாடை வருதா?" என்றேன்.

அக்கா பேசிய குரல் நான் அதுவரை கேட்டிராத குரல். "கேஸ்டி. நான் என் அடுப்ப அணைச்சிட்டேன். சுவிட்ச எதையும் தொடாத. ஓடிப்போய் கேஸ் தோங்க மூடு, ஜன்னலத் தெற."

ஓடினேன். அடுப்பில் அப்பா வைத்துவிட்டு மறந்த தண்ணீர் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருந்தது, திருகு மட்டும் திறந்தபடி சீறிக்கொண்டிருந்தது. அடுப்பையும் கேஸ் சிலிண்டரையும் மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். கூடத்தில் மடிக்கணினியிலிருந்து யாரோ ஆங்கிலத்தில், மரியாதையாக, என்னை இடத்துக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். கண் எரியும் அளவுக்கு வாடை இருந்த அந்தச் சமையலறையில் நின்று, பரீட்சை முடிந்துவிட்டதா, கோப்பி போடட்டுமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கை போன போக்கில் அடுப்பு மூட்டும் லைட்டரை எடுத்தார். பாய்ந்து பிடுங்கினேன்.

"என்னப்பா, வாடை தெரியலையா?"

"என்ன வாடை?" என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "ரெண்டு நாளா ஒண்ணும் தெரியலமா. வாடையும் இல்ல, ருசியும் இல்ல. ஒன் பரீட்ச முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

எனக்குப் பயந்து அப்பா சொல்லவில்லை. இல்லாத கருகலுக்கே அப்படி அழுதவள், இதைக் கேட்டால் என்ன ஆவாளோ என்று பயந்திருக்கிறார். அறையிலேயே தனியாக இருந்து, முகக்கவசத்தைக் கழற்றாமல் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாராம். மற்றவர்களுக்கும் தொற்றிவிடக் கூடாது என்று முந்தின இரவு வேலைக்கும் போகவில்லை, பாலத்துக்கு இந்தப் பக்கமே எங்கோ மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். அதைக் கேட்டதும் நான் உடைந்துபோனேன்.

அன்று மாலையே பரிசோதனையில் உறுதியாகி, அப்பாவை ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப் போனது. எனக்கும் தொற்றியிருந்தது, லேசாகத்தான். அக்கா தினமும் கிரில் கதவில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு, தன் ஜன்னலில் நின்று நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். என் மூக்கும் சில நாள் நிஜமாகவே அடைபட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் பெலாச்சான் டப்பா ஞாபகமே வரவில்லை. கைப்பேசியில் அப்பாவின் மூச்சு எப்படி வருகிறது என்று கேட்பதிலேயே பொழுது போனது. அவர் மெலிந்து, இருமிக்கொண்டு, ஆனால் நடந்து வீடு திரும்பினார். நடந்ததை எழுதி அனுப்பியதில் பரீட்சையை மறுபடி எழுத விட்டார்கள். சுமாரான மதிப்பெண்தான்.

பயம் வந்தால் மனிதன் உஷாராகிவிடுவான் என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னை அது என் மூக்கு நுனிக்கு அப்பால் எதையும் பார்க்க விடவில்லை. இப்போதெல்லாம் அப்பா ரசத்தில் உப்பு இல்லை என்றால், நான் உப்பு டப்பாவை எடுப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.