தண்ணீர் மேல் போட்ட பழி

காலை ஐந்தரைக்கு எங்கள் லைன் வீட்டில் முதலில் எழும் சத்தம் கொப்பளிப்பு. ஆறு அறைகளுக்கும் ஒரே குழாயடி. ஓசூர்ப் பனியில் ஒடிசாக்காரர், ராய்ச்சூர்க்காரர், சித்தூர்க்காரர், திருவாரூர்க்காரர் என்று ஆளுக்கொரு சொம்போடு நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். வெந்நீரும் உப்பும் தொண்டைக்குள் கொளகொளவென்று உருளும். பேச ஆரம்பித்தால் நான்கு மொழி. கொப்பளிக்கையில் ஒரே மொழி. அந்தச் சத்தத்தோடு எனக்கு மட்டும் பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு காலையும் சேர்ந்து கேட்கும். இதே குழாயடியில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தபடி என் மனைவி சண்முகக்கனி சொன்னாள்: "இந்தத் தண்ணி நமக்கு ஒத்துக்கலைங்க. நான் பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்கே போறேன்."

வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. தொண்டை கட்டி, குரல் கம்மி, எச்சில் விழுங்கினாலே கண் கலங்கினாள். நான் நம்பினேன். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். அங்கத்துத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனாலும் வெளியூர் போனவனுக்கு இருமல் வந்தால் முதல் பழி அந்த ஊர்த் தண்ணீர் மேல்தான். தண்ணீர் எதிர்த்துப் பேசாது; அது ஒரு வசதி. கனி போனாள். நான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய் வருகிற விருந்தாளி ஆனேன். அவள் ஊரில் தையல் கடை போட்டாள். மகள் வளர்ந்து, இப்போது மதுரையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஏன் சேர்ந்து இருக்கவில்லை என்று யாராவது கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்வோம். "அந்தத் தண்ணி ஒத்துக்கல."

இந்தத் தை மாதம் என் முறை. பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் இயந்திரங்களுக்கு மேலே குரலை ஏற்றித்தான் எதையும் சொல்ல முடியும். கத்திக் கத்தி, குளிரும் சேர்ந்து, ஒருநாள் விழுங்கினால் கருவேல முள் குத்தியது. மிளகு கடித்தேன், பனங்கற்கண்டு போட்டுப் பால் குடித்தேன். நாலாம் நாள் குரல் சுத்தமாகப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளினிக்கில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "தண்ணி ஒத்துக்கல போலிருக்கு" என்று காற்றாகச் சொன்னேன்.

"எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?"

இரண்டு கை விரல்களையும் விரித்து, மடக்கி, மறுபடி எட்டு காட்டினேன்.

"அப்புறம் எந்தத் தண்ணி சார் மாறுச்சு?" சிரித்துவிட்டார். "இது சளிக் கிருமி. ஒரு வாரத்துல தானா போயிடும். ஆன்டிபயாடிக் எல்லாம் வேணாம். அதுக்கு மேல கத்தியே தொண்டையப் புண்ணாக்கி வச்சிருக்கீங்க. உப்புத் தண்ணில கொப்பளிங்க, வெதுவெதுன்னு நெறைய குடிங்க. நாலு நாளைக்குப் பேசவே கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் கெடுதல். காய்ச்சல் வந்தாலோ, விழுங்க முடியலன்னாலோ உடனே வாங்க."

பேசாமல் இருப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். லீவு போட்டு அறையில் கிடந்த முதல் நாள் சாயங்காலம் வரை அதற்கு ஒரு முயற்சியும் தேவைப்படவில்லை. அறைகள் எல்லாம் ஷிப்டுக்குப் போய்விட்டன. வெயில் சுவரில் ஏறி, இறங்கி, தானாகப் போனது. அரிசி வாங்கிய கடைக்காரர் என் குரல் போனதைக் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கார அம்மா கௌரம்மா மட்டும், "ஏன் சாரு, மாத்தே இல்ல? பேச்சே இல்ல, கோபமா?" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து கேட்டார். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். உள்ளே ஓடிப் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

கனியின் போனை எடுக்காமல் மெசேஜ் மட்டும் அனுப்பினேன். மறுநாள் காலையில் வாசலில் நிற்கிறாள், கையில் ஊர்த் தண்ணீர் நிரம்பிய ஐந்து லிட்டர் கேன். சுக்கு தட்டினாள், கஞ்சி வைத்தாள், கொப்பளிக்க வைத்து எதிரே நின்று எண்ணினாள். கேன் இரண்டே நாளில் காலி. மூன்றாம் நாள் இங்கத்துத் தண்ணீரை மோந்து குடித்தாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா தண்ணீரைப் பற்றிச் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். காட்டாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தண்ணீரை விடுதலை செய்துவிட்டால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவது?

அன்று ராத்திரி அவள் முறுக்கு நொறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று சொன்னாள்:

"நாலு நாள் வாய மூடிக் கெடந்ததுக்கே மொகம் இப்பிடிச் செத்துப்போச்சே. நான் இதே ரூம்ல நாப்பது நாள் கெடந்தேன்."

மறுநாள் காலையில் அவளை வழியனுப்பக் கிருஷ்ணகிரி வரை பஸ்ஸில் கூடவே போனேன். குரல் திரும்பியிருந்தது, ஓட்டைக் குழல் மாதிரி. சூளகிரி போனது, குருபரப்பள்ளி போனது; கேட்க வேண்டியதை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தேன், கொப்பளிக்கிறவனைப் போல. மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துக் கீழே இறங்கி நின்றபோதுதான் துப்ப முடிந்தது.

"கனி, மகளும் மதுரைக்குப் போயிட்டா. நீ அங்கன ஒத்தையில, நான் இங்கன ஒத்தையில. நீயும் இங்கயே வந்து இருந்துரு."

"ஆறு பிள்ளைக எங்கிட்டத் தையல் படிக்குதுக. தெருவுல எறங்குனா எனக்குப் பேச்சு ஓயாது. இங்கன யாருகிட்டப் பேச?"

"நான் இருக்கேம்ல?"

"நீங்க ஷிப்டுல இருப்பீக."

பஸ் உறுமியது. அவள் மடியில் அந்தக் கேன். அப்போதுதான் பார்த்தேன், அது காலியாக இல்லை. எங்கள் குழாயடியில் நிரப்பியிருக்கிறாள். மூடியைத் திறந்து அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தாள். சக்கரம் நகர்ந்தது. நானும் ஜன்னலோடு நாலு எட்டு நடந்தேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கேனைப் பார்த்துச் சொன்னாள்:

"தண்ணி அப்பவும் நல்லாத்தாங்க இருந்துச்சு."