குணம் அண்ணாவின் கிரேக்கக் காசு

வெள்ளிக்கிழமை காலை மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. குணரத்தினம் அண்ணா முந்தின நாள் மாலை மாரடைப்பில் போய்விட்டார். எண்ணிக்கை தவறி மறுபடி எண்ணினேன். அதுவும் தவறியது. அவருடைய வெள்ளிக்காசு அப்போது என் கோட்டுப் பையில் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னியில் அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தமிழ் பேச நாங்கள் இருவர்தான். அவர் யாழ்ப்பாணம், நான் திருச்சி. அவர் வீட்டில் அந்தக் காசைப் பார்க்காமல் யாரும் தேநீர் குடித்து முடித்ததில்லை. ஒரு பக்கம் கொம்பு முளைத்த சாமி, மறுபக்கம் தடித்த தண்டோடு சில்பியம் என்ற செடி. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கிரேக்கர்கள் தேடித் தேடி வாங்கிய மருந்து அது; இப்போது அந்தச் செடியே உலகில் இல்லை. "எங்கட பெருங்காயத்தின்ர பெரியப்பா. திண்டே முடிச்சுப்போட்டாங்கள்" என்பார்.

ஊருக்குத் திரும்பிய ஒரு கிரேக்கக் கடைக்காரர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன காசு. போலி என்று எல்லோரும் கேலி செய்தோம், நான்தான் அதிகம். கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆரிட்டையும் காட்டிப் பாரும். பொய்யெண்டாலும் ஒளிக்காமல் சொல்லும்" என்று என்னிடம் தந்தார். புதன்கிழமை ஒரு நாணய நிபுணரிடம் காட்டினேன். அசல் என்றார். அண்ணா அந்த வாரம் லீவு. போன் பண்ணியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆசைப்பட்டு, சனிக்கிழமை ஹோம்புஷில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

சடங்கு முடிந்து பெட்டியை மூடப் போனார்கள். எங்கள் பக்கம் நெற்றியில் காசு வைத்துத்தான் அனுப்புவோம். அவர் மனைவி ராணி அக்காவிடம் கேட்டேன். "வையும் தம்பி" என்றார். கோட்டுப் பையிலிருந்து பத்து சென்ட் காசை எடுத்து நெற்றிச் சந்தனத்தில் ஒட்டினேன். கண்ணெல்லாம் தண்ணீர். எரியூட்டல் முடிந்து, ரயில் டிக்கெட்டுக்காகப் பையில் கைவிட்டால் பத்து சென்ட் அங்கேயே இருக்கிறது. வெள்ளிக்காசைக் காணோம். கை தவறியதா, அவர் பொருளை அவரிடமே சேர்க்கத் தோன்றியதா? எனக்கே புரியவில்லை. என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

மறுநாள் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அது உண்மைக்காசோ தம்பி?"

"ஆமா அக்கா. புதன்கிழமையே தெரியும்."

"அவருக்குச் சொன்னனீரோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

காசைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அண்ணாவுக்குச் சேர வேண்டியதில் என்னிடம் மிஞ்சியிருப்பது, சனிக்கிழமை சொல்ல வைத்திருந்த ஒரே ஒரு வரி: "நிஜக் காசுதாண்ணா, நாங்கதான் தப்பு."